ஒலிக்கு இடம் வகுத்த அறிஞர் ஆலன் டவர் பிளம்லைன்

கண்ணை மூடி நிற்பவனும் தன்னை அழைக்குங் குரல் எப்பக்கத்திலிருந்து வருகின்றதென்பதை உடனே அறிந்துகொள்வான். மரத்திற் கூவுங் குயிலை இலைகள் மறைத்திருப்பினும், அஃது எக்கிளையில் அமர்ந்துள்ளதென்பதைச் செவி காட்டிக் கொடுக்கும். இவ்வாற்றல் இரு செவியுடையார் யாவர்க்கும் இயல்பாய் அமைந்தமையால், இதனை வியப்பார் அரியர். ஆயினும், கிராமபோன் பெட்டியும் வானொலிப் பெட்டியும் உலகிற் பரவிய நாளில் இவ்வாற்றலுக்கு வேலையில்லாமற் போயிற்று. ஐம்பது பேர் ஓர் அரங்கில் வரிசையாக அமர்ந்து இசைக்கும் இசையும் பெட்டியின் ஒரு வாய் வழியே ஒன்றாய்த் திரண்டு வெளிப்பட்டது. பாடுவோர் எங்கே, வயலின் வாசிப்போர் எங்கே என்று கேட்பார்க்கு விளங்கவில்லை. ஒலி இருந்தது, ஒலிக்கு இடம் இல்லை.

இழந்த அவ்விடத்தை ஒலிக்கு மீட்டுத் தந்தவர் இங்கிலாந்து தேசத்து மின்பொறி அறிஞராகிய ஆலன் டவர் பிளம்லைன் என்பவர். இன்று இல்லந்தோறும் இரண்டு ஒலிபெருக்கிகளை வைத்து இசை கேட்கின்றோம். அவை ஏன் இரண்டாயின, அவற்றை எங்கே வைத்தல் வேண்டும் என்று எண்ணுவோர் சிலரே. இவ்விரண்டு வினாக்களுக்கும் விடை இவ்வறிஞர் வரலாற்றில் அடங்கியுள்ளது. ஆதலின் அதனை இயன்றவரை ஈண்டுக் கூறுவாம்.

பிறப்பும் இளமையும்

பிளம்லைன் 1903-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 29-ஆம் நாள் லண்டன் மாநகரின் ஹாம்ஸ்டெட் பகுதியிற் பிறந்தார். தந்தையார் செம்மி பிளம்லைன் ஜெர்மனி தேசத்திற் பிறந்து ஆங்கிலக் குடியுரிமை பெற்றவர். சுரங்கப் பொறியியலில் வல்லவர். தாயார் ஜெஸ்ஸி டவர். இவ்வம்மையாரின் தந்தையார் வில்லியம் டவர், லண்டன் மிஷனெரி சங்கத்தின் சார்பில் ஸ்காத்லாந்திலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குச் சென்று, அங்குள்ள கிரிக்குவா மக்களிடையே நெடுங்காலம் ஊழியஞ் செய்தவர். மிஷன் ஊழியர் ஒருவரின் பேரன் உலகெங்கும் இசையைப் பரப்புங் கலைக்கு அடிகோலினார் என்பது நம்போன்ற கல்லூரியார்க்கு மகிழ்ச்சி தருஞ் செய்தியன்றோ?

இளமையிலேயே பொறிகளில் இவருக்கிருந்த ஈடுபாட்டைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று வழங்குகின்றது. ஏழாண்டுச் சிறுவராக இருந்தபொழுது, வீட்டு வாயிலின் மின்மணி பழுதுபட, அதனைத் தாமே செப்பனிட்டு, தம்மை மின்பொறியாளர் என்று குறித்துத் தந்தையாரிடம் கூலிச்சீட்டு ஒன்றை நீட்டினாராம். எனினும் ஏட்டுக் கல்வி இவருக்கு எளிதில் வாய்க்கவில்லை. பன்னிரண்டு வயது வரையில் இவர் தடையின்றிப் படிக்கமாட்டாதவராய் இருந்தார் என்று இவருடைய தமக்கையார் பிற்காலத்திற் கூறியுள்ளார். பதினொரு வயது நிரம்புந் தறுவாயில், 1914-ஆம் ஆண்டில், தந்தையார் காலமானார். இவ்விரு தடைகளும் சிறுவரின் ஊக்கத்தைக் குன்றச் செய்யவில்லை.

கல்வியும் முதற் பணியும்

ஹைகேட் பள்ளியிற் பயின்றபின், உதவிச் சம்பளம் பெற்று, லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சார்ந்த சிட்டி அண்ட் கில்ட்ஸ் கல்லூரியிற் சேர்ந்தார். 1923-ஆம் ஆண்டு முதல் வகுப்பில் தேறிப் பட்டம் பெற்றார். மறுவருடம் தொலைபேசித் தொழில் செய்யுங் கம்பெனி ஒன்றில் அமர்ந்தார். அக்கம்பெனியே பின்னர் ஸ்டாண்டர்டு டெலிபோன்ஸ் அண்ட் கேபிள்ஸ் என்னும் பெயர் பூண்டது.

அங்கு இவர் ஏற்ற பணிகள் இரண்டு. மனிதச் செவி எவ்வெவ் வகை ஒலியை எவ்வளவு கூர்மையாக உணர்கின்றதென்று அளந்தறிதல் ஒன்று. நெடுந்தூரத் தொலைபேசிக் கம்பிகளில் ஒருவர் பேச்சு அடுத்த கம்பியில் ஊடுருவிக் குழப்பம் விளைப்பதைத் தடுத்தல் மற்றொன்று. முன்னதினால் செவியின் இயல்பை உணர்ந்தார். பின்னதினால் இரண்டு ஒலிகளை ஒன்றோடொன்று கலவாமற் கொண்டுசெல்லும் முறையில் தேர்ந்தார். இவ்விரு பயிற்சிகளும் சில ஆண்டுகளில் ஒரு பெருஞ் செயலில் வந்து கூடுமென்று அன்று யார் அறிவார்?

1929-ஆம் ஆண்டு கொலம்பியா கிராபோபோன் கம்பெனியிற் புகுந்தார். அங்கே ஆராய்ச்சியை நடத்தியவர் ஐசக் ஷோன்பெர்க் என்னும் பெரியார். அக்காலத்தில் இசைத்தட்டில் ஒலியை வரையும் வெட்டுகருவிக்கு அமெரிக்கர் காப்புரிமை பெற்றிருந்தமையால், ஒவ்வொரு தட்டுக்கும் பெரும்பொருள் உரிமைப் பங்காகச் செல்வதாயிற்று. பிளம்லைன் அவ்வுரிமைக்கு உட்படாத புதிய வெட்டுகருவி ஒன்றை அமைத்துத் தந்தார். அது பழையதினும் செம்மையாக ஒலியைப் பதித்தது. 1931-ஆம் ஆண்டில் கொலம்பியாவும் கிராமபோன் கம்பெனியும் ஒன்றுபட்டு ஈ.எம்.ஐ. ஆயின. மிடில்ஸெக்ஸ் பகுதியிலுள்ள ஹேஸ் என்னும் ஊரில் அமைந்த அதன் ஆராய்ச்சிச்சாலை இவருக்கு நிலைக்களமாயிற்று.

படக்காட்சியிற் பிறந்த எண்ணம்

அவ்வாண்டில் ஒருநாள், தமக்கு மனைவியாராக வாய்க்கவிருந்த டோரீன் அம்மையாருடன் இவர் பேசும்படம் ஒன்று காணச் சென்றார். திரையின் ஒரு கோடியில் நடிகர் நின்று பேச, அவர் குரலோ வேறிடத்திலிருந்து வந்தது. நடிகர் நடந்தார், குரல் நடக்கவில்லை. கொட்டகையில் இருந்தோர் அனைவருங் கண்டதே இது; பழகிப் போனமையால் ஒருவரும் பொருட்படுத்திலர். பிளம்லைனுக்கு மட்டும் அஃது ஒவ்வாக் குறையாகத் தோன்றிற்று. குரலும் ஆளுடன் செல்லுமாறு செய்யும் வழியொன்று தமக்குத் தோன்றியுள்ளதென அம்மையாரிடம் அப்பொழுதே தெரிவித்தார் என்பர்.

அவ்வழி யாதெனின் கூறுவாம். இடப்பக்கத்தில் எழும் ஒலி இடச்செவியை முன்னும் வலச்செவியைப் பின்னும் அடைகின்றது. இவ்விடைவெளி ஒரு விநாடியை ஆயிரங் கூறிட்டால் அதில் ஒரு கூறினுங் குறைந்தது. ஆயினும் மூளை அதனை அறிந்துகொள்கின்றது. தடித்த ஒலியாயின் இக்கால வேறுபாடே திசையைக் காட்டும். கீச்சொலியாயின் தலையானது மறைத்து நிற்றலால் ஒரு செவிக்கு வலிதாகவும் மற்றச் செவிக்கு மெலிதாகவும் ஒலித்துத் திசை காட்டும். இவ்வளவும் பிளம்லைனுக்கு முன்னரே ரேலி பிரபு முதலிய அறிஞர் ஆராய்ந்து வைத்தனவே.

பிளம்லைன் கண்ட நுட்பம் இதற்கு அப்பாற்பட்டது. இரண்டு ஒலிபெருக்கிகளைக் கேட்போன் முன் வைத்தால், ஒவ்வொன்றின் ஒலியும் இரு செவிகளிலும் விழும். ஆகவே இடத்ததன் ஒலி இடச்செவிக்கே, வலத்ததன் ஒலி வலச்செவிக்கே என்று பிரித்தல் இயலாது. பிறர் இதனைத் தடையெனக் கருதியிருப்பர். இவரோ அதனையே கருவியாக்கினார். இரண்டு பெட்டிகளும் ஒரே வலிமையுடன் ஒலிப்பின், கேட்போன் இரண்டிற்கும் நடுவே அமர்ந்திருக்குங்கால், ஒலி ஒன்றுமில்லாத வெறுவெளியாகிய நடுவிடத்திலிருந்து எழுவது போல் தோன்றும். இடப்பெட்டி சற்று வலுத்தொலிப்பின், இரண்டு ஒலிகளும் செவியிற் கூடுங்கால் இடச்செவிக்கு முந்தியதாகவும் வலச்செவிக்குப் பிந்தியதாகவும் அமைந்து, ஒலி இடப்பக்கம் நகரும். வலிமையைப் படிப்படியாக மாற்றினால் குரலும் படிப்படியாக நடந்து செல்லும்.

1931-ஆம் ஆண்டு டிசம்பர் 14-ஆம் நாள் இக்கருத்திற்குக் காப்புரிமை வேண்டி விண்ணப்பித்தார். 1933-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் நாள் 394325 என்னும் எண்ணுடன் அது வழங்கப்பெற்றது. எழுபது உரிமைக் கூறுகளைக் கொண்ட அப்பத்திரத்தில் ஒலி பிடிக்கும் முறை, பதிக்கும் முறை, மீட்டொலிக்கும் முறை ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்திருந்தன. ஓரிடத்தில் இரண்டு ஒலிவாங்கிகளை ஒன்றோடொன்று செங்கோணமாக நிறுத்துதல், இசைத்தட்டின் ஒரே பள்ளத்தில் இரண்டு சுவர்களிலும் இரண்டு ஒலிகளைத் தனித்தனியே பதித்தல் என்பன அவற்றுட் சிறந்தவை. பின்னாளில் ஸ்டீரியோ என வழங்கிய கலை முற்றும் அப்பத்திரத்தில் அடங்கியிருந்தது. அக்காலத்திலேயே அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிச்சாலையாரும் இத்துறையில் முயன்று, 1933-ஆம் ஆண்டு பிலடெல்பியாவில் நிகழ்ந்த இசையை வாஷிங்டனில் இருந்தோர் கேட்குமாறு செய்தனர் என்பதும் ஈண்டு அறியத்தக்கது.

சோதனைகளும் ஏமாற்றமும்

1933-ஆம் ஆண்டின் இறுதியில் ஹேஸ் ஊரில் முதற் சோதனைத் தட்டுகள் வெட்டப்பட்டன. ஆராய்ச்சிச்சாலையார் ஒலிவாங்கிகளின் முன் அங்குமிங்கும் நடந்து பேசினர்; தட்டைச் சுழற்றியபோது அவர்தங் குரலும் அவ்வாறே நடந்தது. 1934-ஆம் ஆண்டு ஜனவரியில் லண்டன் அபே ரோடு ஒலிப்பதிவுக்கூடத்தில் ஸர் தாமஸ் பீச்சம் நடத்திய மோட்ஸார்ட்டின் ஜூப்பிட்டர் இசை இம்முறையிற் பதிக்கப்பட்டது. 1935-ஆம் ஆண்டில் ஹேஸ் நிலையத்தின் வழியே செல்லும் ரயில்வண்டிகளைப் படம் பிடித்து, வண்டியுடன் ஒலியும் ஓடுமாறு காட்டினார். படக்கொட்டகையிற் கண்ட குறை நான்காண்டுகளில் நீங்கிற்று.

ஆயினும் உலகம் அதனை ஏற்கும் பருவம் இன்னும் வரவில்லை. கம்பெனியார் இம்முயற்சியை ஒருபுறம் வைத்துவிட்டுப் பிளம்லைனைத் தொலைக்காட்சிப் பணியில் அமர்த்தினர். அவர் அதற்காக வாடி நின்றாரல்லர். புதிய பணியிலும் முழுமனத்துடன் ஈடுபட்டார். 1936-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள் பி.பி.சி. நிலையத்தார் லண்டன் அலெக்ஸாந்திரா அரண்மனையிலிருந்து தொடங்கிய ஒளிபரப்பில், 405 வரிகளாலாய ஈ.எம்.ஐ. முறை இடம்பெற்றது, அதன் மின்சுற்றுகளை வகுத்ததில் இவர் பங்கு பெரிது. தம் வாழ்நாளில் 128 காப்புரிமைகளுக்கு உரியவரானார். இவ்வளவு அலுவல்களுக்கிடையே விமானம் ஓட்டவும் பயின்றார். இசையில் விருப்பம் மிக்கவராயினும், பியானோ பயிலத் தொடங்கி அதனைக் கைவிட்டார் என்பர். தாம் வாசிக்கவியலாத இசையைப் பிறர் செம்மையாகக் கேட்க வழி செய்தமை போற்றத்தக்கதே.

மறைவு

இரண்டாம் உலகப்போர் மூண்டபின் இவருடைய அறிவு போர்ப்பணிக்குத் தேவையாயிற்று. இருளிலும் மேகத்திலும் பறக்கும் விமானத்திலிருந்து கீழுள்ள நிலத்தின் தோற்றத்தைக் காட்டும் எச்-2-எஸ் என்னும் ராடார் கருவியை ஆக்கும் பணியில் இவர் ஈடுபட்டார். செவிக்கு இன்பந் தர முயன்ற அறிவே நகரங்களைத் தாக்கத் துணைபோகுங் கருவிக்கும் பயன்பட நேர்ந்தது. போரின் கொடுமைகளுள் இதனையும் ஒன்றாக எண்ணுதல் தகும்.

1942-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 7-ஆம் நாள், அக்கருவியைச் சோதிக்கும் பொருட்டு டெபோர்டு விமானத்தளத்திலிருந்து புறப்பட்ட ஹாலிபாக்ஸ் விமானத்தில் இவருஞ் சென்றார். வழியில் பொறியொன்றில் தீப்பற்றி, வெல்ஷ் பிக்னர் என்னும் ஊரருகே விமானம் வீழ்ந்தது. பிளம்லைனும், அவர்தம் தோழர்களாகிய ஸெஸில் பிரௌன், பிராங்க் பிளைதன் என்பாரும் உட்பட, அதிலிருந்த பதினொருவரும் மாண்டனர். பிளம்லைனுக்கு முப்பத்தொன்பது வயது நிரம்ப இன்னும் மூன்று வாரங்களே இருந்தன. மனைவியாரையும் இரண்டு ஆண்மக்களையும் விட்டு நீங்கினார். எதிரிகள் அறிதலாகாதென்று அவர் மறைவின் விவரம் போர்க்காலத்தில் வெளியிடப்படவில்லை. ஒவ்வொரு குரலுக்கும் உரிய இடத்தைக் காட்டியவரின் பெயருக்கு, நாட்டார் நினைவில் நெடுங்காலம் இடமில்லாதிருந்தது.

காப்புரிமைக் காலம் 1952-ஆம் ஆண்டில் முடிந்தது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்தே ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைக்கு வந்தன. அவற்றில் ஒலி பதிந்திருந்த முறையோ, ஒரு பள்ளத்தின் இரு சுவர்களிலும் இரண்டு ஒலிகளைப் பதிக்கும் பிளம்லைன் முறையே. ஆக்கியவரும் இல்லை, ஆக்கியவர்க்குரிய உரிமையும் இல்லை, பயன் மட்டும் உலகெங்கும் பரவிற்று. காலந் தாழ்த்தேனும் புகழ் வந்தது. 1977-ஆம் ஆண்டு லண்டன் ஈலிங் பகுதியில் இவர் வாழ்ந்த வீட்டில் நினைவுக்கல் பதிக்கப்பட்டது. 2015-ஆம் ஆண்டு உலக மின்பொறியாளர் சங்கத்தார் அபே ரோடு கூடத்தில் நினைவுப் பலகை நிறுவினர். 2017-ஆம் ஆண்டில் கிராமி என்னும் இசைப் பரிசும் இவர் பெயரால் வழங்கப்பெற்றது.

நமது கடமை

நிற்க. இவ்வறிஞர்க்கு நாம் செய்யத்தக்க கைம்மாறு ஒன்றுண்டு. அவர் ஆக்கிய முறை ஒலிப்பதிவுக்கூடத்திலேயே முற்றுப்பெறுவதன்று. கேட்போனுடைய அறையிலேயே முற்றுப்பெறுவது. ஒலிக்கு இடம் அமைவது இரண்டு பெட்டிகளும் கேட்போனும் நிற்கும் நிலையைப் பொறுத்தது. நம் வீடுகளிலோ, பெட்டிகளிரண்டையும் ஒரே அலமாரித் தட்டில் ஒட்டி வைப்போரும், ஒன்றைக் கதவின் பின்னும் மற்றதைச் சன்னலின் மேலும் வைப்போரும் பலர். அங்ஙனம் வைப்பின், இரண்டு பெட்டி வாங்கியும் ஒரு பெட்டியின் பயனே எய்தும்.

முறையாக வைக்குமாறு: இரண்டு பெட்டிகளும் கேட்போனும் ஒரு சமபக்க முக்கோணத்தின் மூன்று முனைகளாக அமைதல் வேண்டும். பெட்டிகளுக்கிடையே 2 மீட்டர் தூரமாயின், ஒவ்வொரு பெட்டிக்கும் நாற்காலிக்கும் இடையிலும் 2 மீட்டர் இருத்தல் நன்று. கேட்போன் ஒரு பெட்டியை 34 சென்டிமீட்டர் கூடுதலாக நெருங்கி அமர்ந்தால், அப்பெட்டியின் ஒலி ஏறத்தாழ ஆயிரத்தொரு கூறு விநாடி முந்தி வந்துவிடும். அப்பொழுது செவி மற்றப் பெட்டியை மறந்து, இசை முழுவதும் அருகிலுள்ளதிலிருந்தே வருவதாகக் கொள்ளும். பிளம்லைன் முறையில் நடுவிருக்கைக்குள்ள சிறப்பு இதனால் விளங்கும்.

கீச்சொலி எழும் சிறு வாய், அமர்ந்திருப்போன் செவியின் உயரத்தில் இருத்தல் வேண்டும். பெட்டிகளின் முகம் கேட்போனை நோக்கிச் சிறிது திரும்பியிருத்தல் நலம். சுவர் மூலையில் வைத்தால் தடித்த ஒலி அளவுக்கு மீறிப் பருத்து மற்றவற்றை மூடும். ஆதலின் பின்சுவரினின்றும் பக்கச்சுவரினின்றும் விலக்கி வைத்தல் வேண்டும். ஒருபுறம் வெறுஞ்சுவரும் மறுபுறம் திறந்த வாயிலும் அமைந்தால் ஒலி ஒருபால் சாயும். கூடுமானவரை இருபுறமும் ஒத்திருத்தல் நன்று. எதிரொலிக்கும் சுவரில் திரைச்சீலையோ புத்தக அலமாரியோ இருப்பின், தரையில் ஒரு விரிப்பும் இருப்பின், குரல் தெளிவுறும். நாற்காலியையும் பின்சுவரோடு ஒட்டிப் போடாதிருத்தல் நன்று. ஒரு பெட்டியின் இரு கம்பிகளை மாற்றி இணைத்துவிட்டால், நடுக்குரல் சிதறித் தடித்த ஒலி மெலியும். அதனையும் நோக்குதல் வேண்டும்.

இவையனைத்துஞ் செய்தபின், ஒருவர் தனித்துப் பாடும் பாட்டொன்றை ஒலிக்கச் செய்து கண்ணை மூடி அமர்க. இரண்டு பெட்டிகளும் மறைந்து, ஒன்றுமில்லாத நடுவெளியிற் பாடகர் நின்று பாடுவதுபோல் தோன்றுமாயின், வைத்த முறை சரியென்று தெளிக. அந்த வெறுவெளியில் நிற்குங் குரலே பிளம்லைனின் அரிய ஆக்கம். இதற்குப் பொருட்செலவு வேண்டியதில்லை. ஓர் அளவுகோலும் சிறிது பொறுமையும் போதும். விலையுயர்ந்த பெட்டிகளை மூலையில் முடக்கி வைத்திருக்குஞ் செல்வரினும், எளிய பெட்டிகளை முறையறிந்து வைத்திருக்கும் மாணவர் நல்லிசை கேட்பர்.

மாணவ அன்பர்களே, படிப்பிற் பிந்திய சிறுவர் ஒருவர் முயற்சியால் முன்னணியில் நின்றமையும், பலருங் கண்டு பழகிப்போன குறையொன்றை அவர் மட்டும் பொறாது ஆராய்ந்தமையும், தம் ஆக்கம் ஒதுக்கப்பட்டபொழுதும் சோர்வின்றி அடுத்த பணியை மேற்கொண்டமையும் நாம் பின்பற்றத்தக்கன. விதைத்தவர் எல்லாரும் அறுவடையைக் காண்பதில்லை. காணாமையால் விதை வீணாவதுமில்லை. நன்மை பயக்கும் ஆராய்ச்சியில் நாமும் இவரைப்போல் ஊன்றி நிற்போமாக.